வீட்டு நெட் விட்டு விட்டுப் போகிறதா? முதலில் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று பாருங்கள்

கேள்வி இது: "வீட்டு இணையம் ஒரு நாளில் பல தடவை விட்டு விட்டுப் போகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் பணம் கட்டிய வேகம் முழுசாக வருகிறது. ஆனால் வீடியோ காலில் முகம் உறைந்து நிற்கிறது, குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது. ரூட்டரைக்கூட மாற்றியாயிற்று. நிறுவனத்தைக் கூப்பிட்டால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஸ்பீட் டெஸ்டை முதலில் ஒதுக்கி வையுங்கள். சில விநாடிகளுக்குள் எவ்வளவு தரவு பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளப்பதால், நடுவில் சில பாக்கெட்டுகள் (தரவு பிரிந்து போகும் சிறு பொட்டலங்கள்) தொலைந்தாலும் மொத்தக் கணக்கில் தெரியாது. உங்கள் சிக்கல் வேகத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. படம் பார்க்கும்போது செயலி கொஞ்ச நேரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். ஐந்து விநாடி இணைப்பு போனாலும் உங்களுக்குத் தெரியாது. வீடியோ காலில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது, அந்தக் கணத்துப் பேச்சு அந்தக் கணத்திலேயே வந்தாக வேண்டும். அதனால் படம் தடங்கலில்லாமல் ஓடுவதும் கால் உறைவதும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

அடுத்தது, நெட் போனதும் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் பழக்கம். தயவுசெய்து அதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ரூட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, கடைசியாக எப்போது லைன் அறுந்தது, எத்தனை பிழைகள் வந்தன என்பதெல்லாம் பெரும்பாலான ரூட்டர்களில் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ஆஃப் செய்த மறுகணம் எல்லாம் அழிந்துவிடும். போதாததற்கு, மறுபடி ஆன் ஆகும்போது வைஃபை சேனல், ஐபி முகவரி, நிறுவனத்தோடு உள்ள இணைப்பு எல்லாமே புதிதாக அமைவதால், பழுது எதில் இருந்தாலும் தற்காலிகமாகச் சரியாகிவிடலாம். எதனால் சரியானது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். நெட் போன அந்த நிமிடத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மணி என்ன, பெட்டியில் எந்த விளக்கு எப்படி எரிகிறது, வீட்டில் எல்லாருக்கும் போனதா இல்லை ஒரு கருவிக்கு மட்டுமா. அப்புறம் வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சரி, இனி எங்கே அறுபடுகிறது என்று தேடலாம். உங்கள் கணினியிலிருந்து ஒரு பாக்கெட் முதலில் ரூட்டருக்குப் போகிறது, அங்கிருந்து லைன் வழியாக நிறுவனத்தின் முதல் பெட்டிக்கு, அப்புறம் வெளியுலகுக்கு. இந்த மூன்றில் எது அறுபடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு எந்தச் செயலியும் வாங்க வேண்டாம், எல்லாக் கணினியிலும் இருக்கும் பிங் போதும். 1983-இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன நிரல் அது. ஒரு முகவரிக்குப் பாக்கெட்டுகளை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும். இன்றைக்கும் இந்த வேலைக்கு அதைவிடக் கைக்கடக்கமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

கணினியில் கட்டளைச் சாளரங்கள் மூன்றைப் பக்கம் பக்கமாகத் திறங்கள். முதலாவதில் ping என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைப் போடுங்கள், பிங் ஓடட்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். வைஃபை விவரங்களில் கேட்வே என்ற பெயரில் காட்டும். இரண்டாவதில் நிறுவனத்தின் முதல் பெட்டி. ட்ரேஸ்ரூட் (பாக்கெட் கடந்து போகும் பெட்டிகளை வரிசையாகக் காட்டும் கட்டளை; விண்டோஸில் tracert, மற்றவற்றில் traceroute) போட்டால் ரூட்டருக்கு அடுத்த வரியில் வரும் முகவரி அதுதான். 10 அல்லது 100 என்று தொடங்கும் உள்முகவரியாக இருந்தால் பயப்பட வேண்டாம், பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. சில பெட்டிகள் பிங்குக்குப் பதில் சொல்லாது. அப்படியென்றால் இதை விட்டுவிடுங்கள். மூன்றாவதில் வெளியுலகுக்காக 8.8.8.8 (கூகுள்) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) என்ற பொது முகவரி. விண்டோஸில் பிங் நான்கு பாக்கெட்டோடு நின்றுவிடும். முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது வழக்கம்போல வேலையைப் பாருங்கள். கால் உறைகிற அந்த நொடியில் கண்ணை இந்தச் சாளரங்களுக்குத் திருப்புங்கள். முதல் சாளரத்தில் 2, 3, 2, 4 மில்லிவிநாடி என்று அமைதியாக வந்துகொண்டிருந்தது திடீரென்று 180, 420 என்று எகிறுகிறது, நடுவில் ஒன்றிரண்டுக்குப் பதிலே இல்லை. அப்படியானால் பழுது உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது, அநேகமாக வைஃபையில். நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. முதல் சாளரம் 2, 3 என்று அசையாமல் இருக்க, மற்ற இரண்டும் ஒன்றாக மௌனமாகிவிட்டால் லைன் அறுபடுகிறது. முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் தடுமாறினால் கோளாறு நிறுவனத்தின் உள் வலையிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. மூன்றும் ஒழுங்காக ஓட, பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) பக்கம் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ட்ரேஸ்ரூட்டில் நடுவில் ஏதோ ஒரு வரியில் நிறைய இழப்பு காட்டும், அதைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிச் சண்டை போடுவார்கள். அதற்கு அடுத்த வரிகளும் கடைசி வரியும் சுத்தமாக இருந்தால் அந்த நடு இழப்புக்கு அர்த்தமே இல்லை. அந்தப் பெட்டி பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் தொடங்கும் இழப்பு கடைசிவரை தொடர்ந்தால் மட்டும் பொருட்படுத்துங்கள்.

இந்தச் சோதனையை முடிந்தால் லேன் கேபிள் போட்டு ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை செய்யுங்கள். மடிக்கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து வயரில் இணைத்து ஒரு மாலைப்பொழுது வேலை பாருங்கள். தொல்லை அடியோடு நின்றுவிட்டால் லைன் நல்ல லைன். வயரிலும் அப்படியே இருந்தால் வைஃபையைப் பற்றிப் படித்ததையெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது ரூட்டர் வாங்குகிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காசும் போய், தொல்லையும் அப்படியே நிற்கும்.

வைஃபைதான் என்று தெரிந்தால், கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறதா 5 கிகாஹெர்ட்ஸிலா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கருவி இஷ்டத்துக்குத் தாவும், எதில் இருக்கிறோம் என்றே தெரியாது. சோதனை முடியும்வரை இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. அதில் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் பாதிக்கு மேல் இடத்தை நீங்களே அடைத்து, எல்லாருடைய இரைச்சலையும் வாங்கிக்கொள்வீர்கள். 20-இலேயே வையுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி ஹப் போன்றவையும் 2.4-ஐ ஒட்டி இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனம் இதை 2012-லேயே அளந்து வெளியிட்டிருக்கிறது. மடிக்கணினியில் ஹப்பைச் செருகும்போது மட்டும் வைஃபை தள்ளாடினால் காரணம் அதுவாக இருக்கலாம். கொஞ்சம் நீளமான வயரில் ஹப்பைத் தள்ளி வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் 5-க்கு மாறுங்கள்.

5-லும் ஒரு மர்மமான பழுது உண்டு. கால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று வைஃபை பெயரே பட்டியலில் இருந்து காணாமல் போகும், ஒரு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வரும். 2.4-இல் இருக்கும் கருவிகளுக்கு எதுவுமே ஆகியிருக்காது. காரணம் ரேடார். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை வானிலை ரேடார் போன்றவற்றோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரூட்டர் அந்தச் சேனலை உடனே காலி செய்தாக வேண்டும். புதிதாகப் போகும் சேனலும் அதே வகை என்றால், குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே பேசத் தொடங்கலாம். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் நெட் போன நேரம். சேனலை ஆட்டோவில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றை நீங்களே அமைத்துவிட்டால் இது நின்றுவிடும்.

சிக்னல் அளவையும் பாருங்கள். கைபேசியில் வைஃபை அளக்கும் செயலிகள் டிபிஎம் (சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்) கணக்கில் காட்டும். மைனஸ் 50, 60 நல்லது. மைனஸ் 70-ஐத் தாண்டிப் போனால் பேச்சு உடையத் தொடங்கும். அந்த அறைக்கு ரிப்பீட்டர் போட்டால் கோடுகள் நிறைய தெரியும். ஆனால் வாங்கிய அதே அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புகிற சாதாரண ரிப்பீட்டர் என்றால் வேகம் பாதியாகிவிடும், தாமதமும் கூடும். கேபிள் இழுத்து அந்த அறையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பதுதான் நிரந்தர வழி. வேலையே வீட்டிலிருந்து என்றால், வேலை செய்யும் மேசைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் பரிந்துரை.

கேபிளையும் கண்மூடி நம்ப வேண்டாம். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். ஒரு கம்பி உள்ளே உடைந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கும், அல்லது ஏறி இறங்கி ஒவ்வொரு முறையும் சில விநாடி அறுந்துபோகும். கணினியின் நெட்வொர்க் நிலையில் 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ரூட்டரின் அடாப்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து உள்ளே உள்ள கெபாசிட்டர் தளர்ந்துபோகும். விளக்கு எரியும், எல்லாம் ஓடும், ஆனால் சுமை ஏறும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் (உலாவியில் ரூட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும்) அப்டைம், அதாவது எவ்வளவு நேரமாக ஓடுகிறது, என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் தொடாமலே அது சில நிமிடங்கள் என்று காட்டினால் அடாப்டர் மேல்தான் என் முதல் சந்தேகம் விழும். மாற்றும்போது வோல்ட் அதே அளவாகவும் ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாகவும் இருக்க வேண்டும், பின்னின் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும்.

இனி லைன். ஃபைபர் என்றால் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் ஒரு எண் இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் (GPON) வகை ஃபைபர் இணைப்பில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை பெட்டியால் படிக்க முடியும். மைனஸ் 15-க்கும் 24-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் வெயிலோ மழையோ லேசாக அசைத்தாலே அறுந்துபோகும். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் இன்று என்ன அளவு என்பதைவிட, நேற்று மைனஸ் 19 இருந்தது இன்று மைனஸ் 24 ஆகியிருக்கிறதே என்பதுதான் முக்கியமான செய்தி. நன்றாக ஓடும்போதே ஒரு தடவை குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளி குறைவதற்கு வீட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: வளைவு, தூசு. அலமாரிக்குப் பின்னால் நசுங்கியோ, சுவர் மூலையில் ஆணியடித்து மடக்கப்பட்டோ இருக்கிறதா என்று ஃபைபர் போகும் வழி முழுக்கப் பாருங்கள். மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும். சாதாரண ஃபைபருக்கு 3 செமீ ஆரத்துக்கும் குறைவாக வளைக்காமல் இருப்பது நல்லது. செருகியின் முனையில் ஒளி போகும் உட்கருவின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளே அதை மூடப் போதும். அதனால் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள், விரலாலோ சட்டைத் துணியாலோ துடைக்காதீர்கள். பச்சை முனைச் செருகி 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் அப்படியல்ல. பச்சையை நீலத்தில் மாட்டினால் இரண்டும் ஒட்டி உட்காராமல் ஒளி வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

விளக்குகளும் நிறையச் சொல்லும். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. அது அணைந்திருக்க, பான் (PON) விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, நிறுவனத்தின் பெட்டியோடு பதிவாகவில்லை. பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு என்றால் லைன் நலம், லாகின் அல்லது கணக்குப் பக்கம் பாருங்கள்.

டிவி கேபிள் வழி வரும் இணைப்பானால் கீழிறங்கு சிக்னல் 0-ஐ ஒட்டி, கூடக்குறைய 7 டிபிஎம்வி-க்குள் இருப்பது நல்லது. தேவையில்லாத ஸ்ப்ளிட்டர்களைக் கழற்றிவிடுங்கள், இரண்டாகப் பிரிக்கும் ஒன்றே சுமார் 3.5 டிபி தின்றுவிடும். தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல் என்றால் நாய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாங்கச் சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) 6 டிபி-க்குக் கீழே இறங்குகிறதா, ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் குறித்து வைத்த மணிக்கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். மழை பெய்தபின் போகிறது என்றால் வெளியே ஏதோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. தினமும் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் என்றால் நெரிசல். கடிகாரம் வைத்தாற்போலச் சரியாக ஒரே இடைவெளியில் அறுபட்டால் ஐபி முகவரி அல்லது லாகின் புதுப்பிப்பில் சிக்கல், கம்பியில் அல்ல. யாராவது புகைப்படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்றும்போது மட்டும் கால் உடைகிறது என்றால் அது வேறு கதை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதும் அதுதான்.

அதன் பெயர் பஃபர்ப்ளோட். ரூட்டரிலோ மோடத்திலோ வெளியே போகக் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், புகைப்படப் பாக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் முன்னால் நிற்க, உங்கள் குரல் அவற்றுக்குப் பின்னால் போய் நிற்கும். எதுவும் தொலையவில்லை, எல்லாம் தாமதம். ஸ்பீட் டெஸ்டும் பிரமாதமான எண்ணைக் காட்டும். மூன்றாவது சாளரத்தில் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீட் டெஸ்ட் போட்டு, அப்லோடு நடக்கையில் பிங்கைப் பாருங்கள். 12 என்று இருந்தது 15, 20-க்குள் நின்றால் நலம். 300, 600 என்று ஏறி, டெஸ்ட் முடிந்ததும் மறுபடி 12-க்கு இறங்கினால் அகப்பட்டுக்கொண்டது. கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் இதை ஊரறியச் செய்தார். வலையமைப்பு ஆய்வாளர்கள் காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையைத் தந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடெல், கேக் ஆகியவை இப்போது பல ரூட்டர்களில் எஸ்க்யூஎம் (SQM) என்ற பெயரில் கிடைக்கின்றன, ரூட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) மென்பொருளிலும் உண்டு. அதை இயக்கி, உங்கள் உண்மையான அப்லோடு, டவுன்லோடு வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், கால் உறைவது நிற்கும். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால், வேலை நேரத்தில் தானியங்கி ஏற்றங்களையாவது நிறுத்தி வையுங்கள்.

ரூட்டரை மாற்றியதாகச் சொன்னீர்கள். நிறுவனம் கொடுத்த பெட்டியும் ஒரு ரூட்டர்தானா என்று பாருங்கள். அப்படியானால் இப்போது ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு ரூட்டர். இரண்டும் 192.168.1 என்ற ஒரே முகவரித் தொடரில் இருந்தால் குழப்பம் நிச்சயம். நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு (ரூட்டர் வேலையை விட்டு, லைனை மட்டும் கடத்தித் தரும் நிலை) மாற்றச் சொல்லுங்கள், இல்லையேல் உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக மட்டும் வையுங்கள். சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கி நிற்க, மற்றவை சரியாகத் திறந்தால், பிபிபிஓஇ (PPPoE, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) லாகின் உள்ள இணைப்பில் எம்டியூ (MTU, ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492-ஆக இருக்கிறதா என்று பாருங்கள். டிஎன்எஸ் மேல் சந்தேகம் என்றால் ரூட்டரில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழுது லைனில்தான் என்று உறுதியானபின் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். 'எங்கள் பக்கம் சரி' என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பேசுகிற அந்த நிமிடத்தில் பெட்டி இணைப்பில் இருக்கிறது, அவர்கள் திரையில் பச்சை காட்டுகிறது. அதனால் 'நெட் ஸ்லோவாக இருக்கிறது' என்று சொல்லாதீர்கள். "வயரில் இணைத்த கணினியில் ரூட்டருக்குப் போகும் பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. அதே நேரத்தில் உங்கள் முதல் பெட்டிக்குப் போவது இந்தந்த மணிக்கு இத்தனை விநாடி நின்றது. அந்த நேரங்களில் என் பெட்டியின் இணைப்பு அறுந்த பதிவையும் ஒளி அளவையும் எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். முதல் ஆளிடம் இது எடுபடாவிட்டால் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு நெரிசல் என்றால் வீட்டில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் கொள்ளளவைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இணைப்புக்கு மாறுவதுதான்.

வீட்டுக்கு வருகிற டெக்னீஷியன் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். சுவரில் ஃபைபர் வந்து சேரும் இடத்தில் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அப்புறம் வெளியே உள்ள இணைப்புப் பெட்டியிலும். வெளியே நன்றாக இருந்து சுவரில் குறைந்தால் நடுவில் உள்ள வயர், வெளியிலேயே குறைந்தால் அதற்கும் முன்னால். செருகியைச் சுத்தம் செய்யும் பேனா அவர் பையில் இருக்கும், கேட்டால் செய்வார். வேலை முடிந்ததும் புது அளவைக் குறித்துக்கொண்டு, அவர் இருக்கும்போதே மூன்று சாளரத்தையும் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காட்டுங்கள். ஒரு வாரம் அதை ஓடவிட்டு, தடங்கல் இல்லை என்று பார்த்தபின் புகாரை மூடச் சொல்லுங்கள்.